காற்று கூடினால் எரிபொருளும் கூட வேண்டும்
டர்போ காரின் எரிபொருள் பம்பு பற்றி ஒரு பாடம்

திருவனந்தபுரத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் இன்று கார் இல்லாத வீடு குறைவு. அந்தக் கார்களிலும் டர்போ பொருத்திய பெட்ரோல் கார்கள் ஆண்டுதோறும் பெருகி வருகின்றன. கழக்கூட்டம் பக்கம் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளில் சிலருக்கு, கம்பெனி கொடுத்த சக்தி போதவில்லை. எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி, டர்போவின் காற்றழுத்தத்தைக் கூட்டித் தருகிறவர்களைத் தேடிப் போகிறார்கள். அங்கே, "பெட்ரோல் பம்பையும் பெரிசாப் போட்டுடலாம்" என்று சொல்லப்படுகிறது. எதற்காகப் பெரிது, எவ்வளவு பெரிது, அதோடு வேறு என்னென்ன மாற வேண்டும் என்று கேட்டால் தெளிவான பதில் கிடைப்பதில்லை.

இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். ரயில்வேயில் டீசல் லோகோக்களோடு காலம் கழித்தவன் என்பதால், அங்கே நடந்த ஒரு பெரிய பம்பு மாற்றத்தை முதலில் விளக்கி, பிறகு காருக்கு வருகிறேன்.

பம்பு சக்தி தருவதில்லை

கொல்லன் உலையை நாம் அறிவோம். துருத்தியை வேகமாக அழுத்தினால் நெருப்பு சீறி எழுகிறது. ஆனால் கரி தீர்ந்த பின் எவ்வளவு ஊதினாலும் பயனில்லை. எஞ்சினும் ஓர் உலைதான். டர்போ என்பது அதன் துருத்தி. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழல, அதே அச்சில் உள்ள மற்றொரு சக்கரம் காற்றை அமுக்கிச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் காப்புரிமை பெற்ற யோசனை இது.

அதிகக் காற்று உள்ளே போனால் அதற்கேற்ற எரிபொருளும் போக வேண்டும். அதைத் தொட்டியிலிருந்து உரிய அழுத்தத்தில் கொண்டுவந்து சேர்ப்பதே பம்பின் வேலை. ஆகவே பம்பைப் பெரிதாக்குவதால் மட்டும் ஒரு குதிரைசக்திகூடக் கூடாது. கூடுதல் காற்றோடு சேரத் தேவையான எரிபொருள் குறைவுபடாமல் காப்பதுதான் அதன் பணி. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிது.

2600இலிருந்து 3100: ரயில்வே செய்த மாற்றம்

நம் நாட்டின் பெருவாரியான ரயில்களைப் பல ஆண்டுகள் இழுத்த டபிள்யூ.டி.எம்.2 டீசல் லோகோவை வயதில் மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1962இல் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிலிருந்து வந்தது. 1964 முதல் வாராணசி தொழிற்சாலையில் இங்கேயே தயாரானது. 1976இல் கொல்லத்திலிருந்து திருவனந்தபுரம் வரை அகலப்பாதை வந்த பின், நம் ஊருக்கும் இந்த வகை லோகோக்கள் வந்து போயின. அதன் எஞ்சினுக்குச் சிலிண்டர்கள் 16. சுழற்சி நிமிடத்துக்கு 1000. சக்தி 2600 குதிரைசக்தி. ஆரம்பத்திலிருந்தே டர்போ உள்ள எஞ்சின்.

அதில் எரிபொருள் இரண்டு கட்டமாகப் போகிறது. மின்மோட்டாரால் ஓடும் பம்பு ஒன்று தொட்டியிலிருந்து டீசலை இழுத்து, வடிகட்டிகளின் வழியாகச் சில கிலோ அழுத்தத்தில் அனுப்பும். பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக உள்ள, கேம் ஷாஃப்ட்டால் இயங்கும் பம்பு, அதை மிக உயர்ந்த அழுத்தத்துக்கு ஏற்றி இன்ஜெக்டர் வழியே பீய்ச்சும்.

ஒரு சிறு கணக்கு. முழுச் சுமையில் ஒரு குதிரைசக்திக்கு மணிக்கு ஏறத்தாழ 160 கிராம் டீசல் என்று கொண்டால், 2600 குதிரைசக்திக்கு மணிக்கு 416 கிலோ. நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு பீய்ச்சல். ஆகவே 16 சிலிண்டர்களுக்கு மணிக்கு 4,80,000 பீய்ச்சல்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு பீய்ச்சலுக்கு ஒரு கிராமுக்கும் குறைவு. இவ்வளவு பெரிய வண்டியை இழுப்பது, ஒரு சிறு கரண்டியில் அடங்கும் டீசல்தான். அது சரியான நேரத்தில், சரியான அளவில் போகவேண்டும் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

பின்னாளில் லக்னோவிலுள்ள ரயில்வே ஆராய்ச்சி அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ.வின் சோதனைக்கூடத்தில் இந்த எஞ்சினை மேம்படுத்தும் பணி நடந்தது. பீய்ச்சு பம்பின் பிளஞ்சர் விட்டம் 15 மில்லிமீட்டரிலிருந்து 17 ஆக உயர்த்தப்பட்டது. 2 மில்லிமீட்டர்தானே என்று எண்ண வேண்டாம். பரப்பு விட்டத்தின் இருபடிக்கு ஏற்பக் கூடும்: 17ஐ 17ஆல் பெருக்கினால் 289, 15ஐ 15ஆல் பெருக்கினால் 225. அதாவது ஒரே தூரம் நகரும் பிளஞ்சர் 28 சதவீதம் கூடுதல் டீசலைத் தள்ளும். அதே டீசலைக் குறுகிய நேரத்தில், கூடுதல் அழுத்தத்தில் பீய்ச்சவும் முடியும். துளிகள் நுண்ணியதாகும், எரிதல் முழுமையாகும், சிக்கனமும் வரும்.

இங்கேதான் பாடம் இருக்கிறது. பம்போடு நிற்கவில்லை. கூடுதல் திறனுள்ள டர்போ வந்தது. அமுக்கிய காற்று சூடேறும் என்பதால் அதைக் குளிர்விக்கும் ஆஃப்டர்கூலர் பெரிதானது. வால்வுகள் ஒருசேரத் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டும் புதிய கேம் ஷாஃப்ட் வந்தது. வெப்பத்தைத் தாங்க எஃகுத் தலை பிஸ்டன்கள் வந்தன. இவ்வாறு பிறந்ததே டபிள்யூ.டி.எம்.3ஏ என்ற 3100 குதிரைசக்தி லோகோ. பட்டியாலா தொழிற்சாலையில் பழைய 2600 லோகோக்கள் பல இதே முறையில் புதுப்பிக்கப்பட்டன. கூடியது 19 சதவீதம். அதற்கு மாறியவை இத்தனை உறுப்புகள். பழுதுபார்த்து முடிந்த லோகோ, நேரே ரயிலை இழுக்கப் போவதுமில்லை. லோடு பாக்ஸ் என்னும் சுமைச் சோதனையில் நிறுத்தி, சக்தி, காற்றழுத்தம், எரிபொருள் அழுத்தம், புகையின் வெப்பம் எல்லாவற்றையும் அளந்து குறித்த பிறகே வெளியே போகும்.

டீசலும் பெட்ரோலும் ஒன்றல்ல

காருக்கு வருமுன் ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சொல்லவேண்டும். டீசல் எஞ்சினில் எரிபொருள் குறைந்தால் சக்தி குறையும். எஞ்சின் குளிர்ந்தே இருக்கும். அங்கே பம்பு சோர்ந்தால் வண்டி மெதுவாகப் போகும், அவ்வளவுதான். எரிபொருள் மிகுந்தால்தான் கரும்புகையும் கடும் வெப்பமும்.

டர்போ பெட்ரோல் எஞ்சினில் நிலைமை நேர்மாறு. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஆனால் முழுச் சுமையில் அதிகச் சக்தி எடுக்கும்போது, ஒரு கிலோ பெட்ரோலுக்கு 11.5 முதல் 12.5 கிலோ காற்றே இருக்கும்படி, வேண்டுமென்றே பெட்ரோலை மிகுதியாகக் கொடுப்பது வழக்கம். மண்பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் தண்ணீரைக் குளிர்விப்பதுபோல, மிகுதியான பெட்ரோல் ஆவியாகிச் சிலிண்டரின் உட்புறத்தைக் குளிர்விக்கிறது.

அந்த நேரத்தில் பம்பால் ஈடுகொடுக்க முடியாவிட்டால், காற்று வந்துகொண்டேயிருக்க, பெட்ரோல் மட்டும் குறையும். வெப்பம் ஏறும். பொறி பிடித்த பிறகு மூலையில் மிஞ்சிய கலவை தானாகவே வெடிக்கும், இதுவே நாக்கிங். ஒவ்வொரு தட்டலும் பிஸ்டனை ஒட்டிப் பாதுகாக்கும் மெல்லிய வாயுப் படலத்தைக் கிழிக்கிறது. சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகும். எரியும் வாயுவின் வெப்பமோ 2000 டிகிரிக்கும் மேல். சில விநாடிகள் போதும், பிஸ்டன் தலையில் ஓட்டை விழ.

டர்போ கார் வரலாற்றின் முதல் பக்கத்திலேயே இந்தக் கவலை இருக்கிறது. 1962இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் என்ற காரில், நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து எஞ்சினுக்குப் பாய்ச்சினார்கள். அந்தத் தொட்டி காலியானால் காற்றழுத்தம் தானே குறையும்படியும் செய்திருந்தார்கள். வாங்கியவர்கள் பலர் அதை நிரப்பாமலே ஓட்டினார்கள். 1963க்குப் பின் அந்தக் கார் தயாரிக்கப்படவில்லை. குளிர்விக்கும் திரவம் வராவிட்டால் காற்றைக் குறை என்பதே அதன் தத்துவம். இன்றைய பல கார்களிலும் எரிபொருள் அழுத்தம் குறைந்தால் கம்ப்யூட்டர் சக்தியைக் குறைத்துவிடும். சக்தி கூட்டும் ஆசையில் அந்தக் காவலை நீக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

எவ்வளவு பெரிய பம்பு வேண்டும்?

300 குதிரைசக்தி எதிர்பார்க்கும் ஒரு டர்போ பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். பட்டறைக் கணக்கில், முழுச் சுமையில் ஒரு குதிரைசக்திக்கு மணிக்கு ஏறத்தாழ 270 கிராம் பெட்ரோல் வேண்டும்.

1. 300ஐ 270 கிராமால் பெருக்கினால் மணிக்கு 81 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 0.745 கிலோ, ஆகவே 109 லிட்டர்.

2. இன்று நம் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு அதன் எடையைப்போல் 9 மடங்கு காற்றே போதும். அதாவது, அதே காற்றுக்கு எடையில் சுமார் 9 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். 81 கிலோ 88 ஆகும். கலவை சற்றுக் கனமானதால் அது 117 லிட்டர்.

3. பம்பு தேயும், வடிகட்டி அடைபடும், வெயில் அடிக்கும். இவற்றுக்காக 20 சதவீதம் கூட்டினால் 140 லிட்டர்.

மணிக்கு 140 லிட்டர் என்பது விடை. ஆனால் இந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகக்கூடாது. எந்த அழுத்தத்தில், எத்தனை வோல்ட்டில் என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

அழுத்தமும் மின்சாரமும்

இன்டேக் குழாயில் பெட்ரோலைப் பீய்ச்சும் கார்களில், பம்பின் அழுத்தம் பொதுவாக 3 பார் அளவில் இருக்கும். டர்போ 1 பார் அழுத்தத்தில் காற்றைத் தள்ளும்போது, அந்தக் காற்று இன்ஜெக்டரின் வாயில் எதிர்த்து நிற்கிறது. எரிபொருள் அழுத்தம் 3 பாரிலேயே நின்றால், உண்மையில் தள்ளும் விசை 2 பார்தான். பாய்ச்சல் இந்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது; கணக்கிட்டால் 18 சதவீதம் குறைகிறது. பெட்ரோல் மிகுதியாக வேண்டிய வேளையில் குறைவது! இதற்காகத்தான் ரெகுலேட்டரை இன்டேக் குழாயோடு இணைத்து, காற்றழுத்தம் ஏறும் அளவுக்கு எரிபொருள் அழுத்தமும் ஏறும்படி செய்கிறார்கள். காற்று 1.2 பார் என்றால் எரிபொருள் 4.2 பார், குழாயிலும் வடிகட்டியிலும் இழப்பு 0.3 என்று கொண்டால் பம்பின் வாயில் 4.5 பார் வேண்டும்.

எல்லாப் பம்பும் அழுத்தம் ஏற ஏறக் குறைவாகவே தள்ளும். பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட லிட்டர் அளவு, பெரும்பாலும் குறைந்த அழுத்தத்தில் அளந்தது. பம்போடு வரும் வரைபடத்தைப் பார்த்து, 4.5 பாரில் 140 லிட்டர் வருகிறதா என்று காண்பதே முறை.

அடுத்தது மின்சாரம். பெரிய பம்பு 15 ஆம்பியர்வரை இழுக்கலாம். கம்பெனி போட்ட மெல்லிய ஒயரும் பழைய இணைப்புகளும் சேர்ந்து 0.1 ஓம் தடை இருந்தால், 1.5 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். பம்பின் வேகம் குறையும், ஒயர் சூடேறும். பாட்டரியிலிருந்து ஃப்யூஸ், ரிலே வழியாகத் தகுந்த கனமுள்ள தனி ஒயர் இழுப்பது அவசியம். சில கார்களில் பம்பின் வேகத்தை ஒரு மின்னணுப் பெட்டி கட்டுப்படுத்துகிறது. பெரிய பம்பின் சுமையை அது தாங்குமா என்றும் பார்க்கவேண்டும்.

தேவைக்கு மிகப் பெரிய பம்பும் தொல்லையே. எஞ்சின் சும்மா நிற்கும்போது மிஞ்சும் பெட்ரோல் முழுவதும் தொட்டிக்குத் திரும்பிச் சுற்றிச் சுற்றிச் சூடேறும். அவ்வளவையும் வெளியேற்ற முடியாமல் ரெகுலேட்டரில் அழுத்தம் தாறுமாறாகும்.

நேரடிப் பீய்ச்சல் கார்கள்

இன்று வரும் டர்போ பெட்ரோல் கார்களில் பல, பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சுபவை. அவற்றில் இரண்டு பம்புகள்: தொட்டிக்குள் மின்சாரப் பம்பு சில பார் அழுத்தத்தில் அனுப்ப, எஞ்சினில் கேம் ஷாஃப்ட்டால் ஓடும் பம்பு அதை 200 பாருக்கும் மேல் ஏற்றுகிறது. லோகோவில் கண்ட அதே அமைப்பு! ஆகவே தொட்டிப் பம்பை மட்டும் பெரிதாக்கினால், இரண்டாவது பம்பின் பிளஞ்சர் தள்ளும் அளவு மாறாது. எது பற்றாக்குறையோ அதை அளந்து அறிந்தே மாற்றவேண்டும்.

பம்பைக் குறைசொல்லும் முன்

ஷெட்டில் ஒரு லோகோ சக்தி குறைந்து வந்தால், பம்பைக் கழற்றுவது கடைசி வேலை. காரிலும் இந்த வரிசையே நல்லது:

1. பம்பின் உறிஞ்சு வாயில் உள்ள சல்லடையையும் வடிகட்டியையும் பாருங்கள்.

2. எஞ்சின் சுமையில் இருக்கும்போது, பம்பின் முனைகளில் வோல்ட்டை அளக்கச் சொல்லுங்கள்.

3. முழுச் சுமையில் எரிபொருள் அழுத்தத்தைப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். காற்றழுத்தம் ஏறும்போது இது தளர்ந்தால்தான் பம்பின்மேல் சந்தேகம்.

4. இன்ஜெக்டர்கள் திறந்திருக்கும் நேரத்தைப் பாருங்கள். இன்டேக் குழாய் இன்ஜெக்டர்கள் 85 சதவீதத்துக்கு மேல் திறந்தே இருந்தால், பற்றாக்குறை பம்பில் அல்ல, இன்ஜெக்டரில்.

5. தொட்டியில் கால்பங்காவது பெட்ரோல் வையுங்கள். பம்பைக் குளிர்விப்பது அதைச் சூழ்ந்த பெட்ரோல்தான். பொன்முடி மலைப்பாதையின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, குறைந்த பெட்ரோல் ஒருபக்கமாக ஒதுங்கினால் பம்பு காற்றை இழுக்கும். ஏற்றத்தில் டர்போவோ முழு வேலையில் இருக்கும். ஆபத்தான சேர்க்கை அது.

தீயும் சட்டமும்

4.5 பார் அழுத்தத்தில் ஓர் ஊசித்துளை போதும், பெட்ரோல் பூவாளிபோல் சிதற. அருகில் டர்போவின் உலோகம் செந்தணல் சூட்டில் இருக்கலாம். தொட்டிக்குள் போடும் குழாய், உள்ளும் புறமும் பெட்ரோலையும் எத்தனாலையும் தாங்கும் வகையாக இருக்கவேண்டும். சாதாரண ரப்பர் குழாய் ஊறிப்போகும். நம் கேரளத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பெட்ரோலில் உள்ள எத்தனால் வாடையை நாடி வரும் சிறு வண்டுகள், ரப்பர் எரிபொருள் குழாய்களைத் துளைப்பது இங்கே கண்டறியப்பட்டுள்ளது. காரைத் திறக்கும்போது பெட்ரோல் வாடை வந்தால், ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

சட்டத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டுத் திருத்தப்படி, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பழுதான பம்புக்குப் பதில் அதே தரத்தில் வேறொன்று போடுவது ரிப்பேர்; சக்தியை உயர்த்துவது வேறு. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்கும் கேள்வியும் இதுவாகலாம். பந்தயத்தில் ஆர்வமுள்ளோருக்குக் கோவையை அடுத்த செட்டிப்பாளையத்திலும், சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தயத் தளங்கள் உள்ளன. அவ்வகைக் காரை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோய் அங்கே ஓட்டுவதே முறை.

நினைவில் கொள்ள வேண்டியவை

பம்பு சக்தி தராது. சக்தி கூடும்போது எஞ்சினைக் காக்கும். லிட்டர், அழுத்தம், வோல்ட் மூன்றும் சேர்ந்ததே பம்பின் அளவு. காற்று, எரிபொருள், குளிர்ச்சி மூன்றும் ஒன்றாகவே உயர வேண்டும். அளக்காமல் எதையும் மாற்றக்கூடாது. மாற்றியதை அளக்காமல் சாலைக்குக் கொண்டுபோகக்கூடாது.

19 சதவீதம் சக்தியைக் கூட்ட ரயில்வேக்கு ஒரு சோதனைக்கூடமும், பல உறுப்புகளின் மாற்றமும் தேவைப்பட்டன. ஒரு மாலைப் பொழுதில் பம்பு ஒன்றை மாற்றி அதைவிட அதிகம் கூட்டித் தருவதாக யாராவது சொன்னால், நம் பிள்ளைகள் மேலே உள்ள கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வைக்கட்டும். அதற்கு அவர் எண்களால் பதில் சொன்னால் பேச்சைத் தொடரலாம். சொல்லாவிட்டால் காரோடு திரும்பி வந்துவிடுவதே நல்லது.